சமதரை தேடும் மலை

கண்டி

இலங்கையின் பள்ளிக்கூட றக்பி கண்டியில் பிறந்தது. 1891-இல் லூயிஸ் எட்மண்ட் பிளேஸ் என்ற ஆசிரியர் இங்கே ஒரு சிறிய பள்ளியைத் தொடங்கினார். பின்னாளில் அதுவே கிங்ஸ்வுட் கல்லூரி ஆனது. முட்டை வடிவப் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடும் ஆட்டத்தை அவர் தம் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். 1906-இல் கிங்ஸ்வுட் பையன்களும் டிரினிட்டி கல்லூரிப் பையன்களும் ஆடியதுதான் இந்தத் தீவில் இரண்டு பள்ளிகள் மோதிய முதல் றக்பி ஆட்டம். இன்றைக்கும் கண்டியில் யாரிடம் பேச்சுக்கொடுத்தாலும் சற்று நேரத்தில் றக்பி வந்துவிடுகிறது.

நான் நித்தவெல மைதானத்துக்குப் போன மாலையில் போட்டி எதுவும் இல்லை. பையன்கள் பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். எட்டுப் பேர் தோளோடு தோள் கோத்துக் குனிந்து எதிரே குனிந்திருந்த எட்டுப் பேரைத் தள்ள, புல்லோடு ஈரமண் பெயர்ந்து வந்தது. வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் கண்டியில் பல காலம் துணிக்கடை வைத்திருந்தவர். என் தமிழைக் கேட்டதும் "இந்தியாவா?" என்றார். கூடலூர் என்றதும் முகம் மலர்ந்துவிட்டது.

"எங்க சொந்தக்காரங்க பாதிப் பேரு அங்கதானே தம்பி இருக்காங்க."

உண்மைதான். 1964-இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து சேர்ந்தவர்களுக்காகத் தமிழக அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டங்களின் நடுவேதான் நான் வளர்ந்தேன். அந்த வீடுகளில் கேட்ட ஹட்டன், டிக்கோயா, தலவாக்கலை என்ற ஊர்ப் பெயர்கள்தான் என்னை இந்தப் பயணத்துக்கு இழுத்துவந்தன.

பெரியவர் பிராட்பி கேடயத்தைப் பற்றி ஆசையாகச் சொன்னார். 1945 முதல் கொழும்பு றோயல் கல்லூரியும் டிரினிட்டியும் ஆடும் ஆட்டம் அது. ஓர் ஆட்டம் கண்டியில், மற்றொன்று கொழும்பில். இரண்டிலும் எடுத்த புள்ளிகளைக் கூட்டி வெற்றி யாருக்கு என்று முடிவாகும். "இங்க தோத்தாலும் கொழும்புல போய்த் தூக்கிரலாம். அந்த நம்பிக்கையிலதான் ஒரு வாரம் தூக்கம் போயிரும்" என்றார்.

பிறகு குரல் கொஞ்சம் மாறியது. "அந்தக் காலத்துல மேல இருந்து துரைமார் டீம் எறங்கி வரும். டிம்புள்ள, டிக்கோயா, ஊவா. அடேயப்பா, மலை மாதிரி ஆளுங்க. கொழும்புக்காரங்களே பயப்படுவாங்க. இப்ப அந்த டீமெல்லாம் எங்க போச்சோ."

அவர்கள் ஆடியது கிளிஃபர்ட் கிண்ணத்துக்காக. ஆளுநர் சேர் ஹியூ கிளிஃபர்டின் மனைவி எலிசபெத்தின் பெயரில் அமைந்த கிண்ணம் அது. 1950 முதல் அது கழகங்களுக்கு இடையிலான போட்டியின் பரிசாயிற்று. தேயிலை மலைகளின் வெள்ளைக்காரத் துரைமார்கள் அணி திரட்டி, கொழும்புக் கழகங்களோடு அதற்காக மோதினார்கள். அவர்கள் ஆடிய மைதானங்கள் இன்று என்னவாக இருக்கின்றன, அவற்றைச் சுற்றி வாழ்ந்த நம் மக்களின் பேரப்பிள்ளைகள் இன்று எந்தக் கிண்ணத்துக்காக ஆடுகிறார்கள் என்று பார்த்துவிட வேண்டும் என்ற ஆசையோடு மலை ஏறினேன்.

நாவலப்பிட்டிக்கு மேலே

நாவலப்பிட்டியைத் தாண்டியதும் ரயில் மூச்சுப் பிடித்து ஏறத் தொடங்குகிறது. கலபொட, வட்டவளை, ரொசல்ல என்று நிலையங்கள் வர வர, தென்னையும் பாக்கும் பின்தங்கி, தேயிலை இரண்டு பக்கமும் சூழ்ந்துகொள்கிறது. 1884-இல் ஹட்டனுக்கும் அடுத்த ஆண்டு நானுஓயாவுக்கும் வந்து சேர்ந்த பாதை இது. அதற்கு முன்னால் தமிழகத்திலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர்கள் மன்னாரில் இறங்கிக் காட்டு வழியே நடந்தே வந்தார்கள். முதலில் காப்பிக்காக, 1869-இல் தோன்றிய இலைத்துரு நோய் காப்பியை அழித்த பிறகு தேயிலைக்காக.

எனக்கு எதிரே ஓர் அம்மா. கொழும்பில் ஒரு வீட்டில் வேலை பார்க்கிறார்; மகனுடைய பைனல் மேட்சுக்காக லீவு கேட்டு ஊருக்குப் போகிறார். வட்டவளையில் உளுந்துவடைக் கூடையோடு ஏறிய பையனிடம் வாங்கி, வடையும் பொரித்த மிளகாயுமாக என் கையில் ஒரு பொட்டலத்தைத் திணித்தார். "சாப்பிடுங்க தம்பி, மழையில பசி தெரியும்." விலை கொடுக்கப் போனால் கோபித்துக்கொண்டார்.

"உங்க மகன் எங்க விளையாடிப் பழகினான்?" என்று கேட்டேன்.

சன்னலுக்கு வெளியே கை காட்டினார். சரிவின் நடுவே லயங்கள் நீண்டு கிடந்தன. பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பராக்கள் ஒன்றோடொன்று ஒட்டி, ஒரே கூரையின் கீழ். லயத்துக்கு முன்னால் நாலு முழ வாசல், அதற்குக் கீழே சாக்கடை, அதற்கும் கீழே தேயிலை. "அந்தப் பிரட்டுக்களத்துலதான். அது ஒண்ணுதான் எங்க தோட்டத்துல மேடு பள்ளம் இல்லாத இடம்."

காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்தி, பெயர் கூப்பிட்டு, யார் எந்த மலைக்குப் போக வேண்டும் என்று வேலை பிரித்துக்கொடுக்கும் இடம் பிரட்டுக்களம். காலை முழுக்கத் தோட்டத்துக்குச் சொந்தம். வேலை முடிந்த பிறகு இருட்டுவதற்குள் கிடைக்கும் சிறு பொழுதில் பிள்ளைகள் அங்கே பந்து உதைக்கிறார்கள். பந்து வரம்பைத் தாண்டினால் மலையடிவாரம் வரை உருண்டுவிடும். அதை எடுத்துவர ஒரு பையன் கீழே காத்திருப்பான்.

நீலகிரியிலும் மலை செங்குத்துதான். ஆனால் எங்கள் ஊரில் பள்ளிக்கூடத்துக்கு என்று ஒரு திடல், கோயிலுக்கு என்று ஒரு திடல், சந்தை கூடும் இடம் ஒன்று என்று ஊர் தனக்காக வெட்டிச் சமன்படுத்திய தரை கொஞ்சமாவது உண்டு. இங்கே ரயிலிலிருந்து பார்த்துக்கொண்டே வருகையில் ஒன்று பிடிபட்டது. சமதரை கண்ணில் பட்ட இடத்திலெல்லாம் அதில் ஒரு தொழிற்சாலையோ பங்களாவோ இருந்தது. சரிவுதான் மக்களுக்கு.

ஹட்டன்

ஹட்டனில் டன்பார் மைதானம் ஊரின் பெருமை. சுற்றுவட்டாரத் தோட்டங்களின் கால்பந்து ஆசை எல்லாம் வந்து கூடும் இடம். அன்று அங்கே நடந்தது அந்த அம்மா சொன்ன பைனல். அணிக்கு ஏழு பேர் ஆடும் ஆட்டம். மலையகத்தில் எழுவர் ஆட்டம் பரவலாக இருப்பதற்குக் காரணம் எளிது: பதினோரு பேர் ஓடப் பழகும் அளவுக்குத் தோட்டங்களில் இடம் இல்லை.

கோடு போட்டுக்கொண்டிருந்த உடற்கல்வி ஆசிரியரோடு நின்றேன். பால்மா டின்னின் அடியில் ஆணியால் துளைகள் போட்டு, அதில் சுண்ணாம்புத் தூளை நிரப்பி, முளைக்கு முளை இழுத்துக் கட்டிய தென்னங்கயிற்றின் மேலாகக் குலுக்கிக்கொண்டே நடந்தார். கயிற்றை எடுத்தால் புல்லில் வெள்ளைக் கோடு நேராக நிற்கும். பிற்பகல் மழை வந்து அதைக் கரைத்தது. இடைவேளையில் மறுபடி டின்னோடு வந்தார். "கோடு தெரியாட்டி சண்டை வரும் சேர்" என்று சொல்லிவிட்டு, மூலைக் கொடி நட்ட இடத்தில் இன்னும் இரண்டு குலுக்கு கூடுதலாகக் குலுக்கினார்.

ஒரு அணியின் தலைவன் கொழும்பில் இரும்புக்கடையில் வேலை பார்ப்பவன். இரவு பஸ்ஸில் ஏறி விடியற்காலையில் வந்திருந்தான். ஆட்டம் முடிந்ததும் திரும்ப வேண்டும். இன்னொருவன் தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து, தூங்காமல் வந்து ஆடினான். மலையகத்து இளைஞர்களில் பலர் இப்படி ஊருக்கு வெளியே பிழைக்கிறார்கள். ஓர் அணியின் ஆட்கள் ஒன்றாகச் சேர்ந்து பயிற்சி செய்யும் நாளே அபூர்வம் என்றார் ஆசிரியர். இறுதிப்போட்டி நாளில்தான் அவர்கள் ஏழு பேரும் முழுசாகச் சந்திக்கிறார்கள்.

ஆட்டம் கடைசி வரை சமமாகவே போயிற்று. மேட்டில் குடைகளோடு நின்ற தாய்மார்கள் ஒவ்வொரு உதைக்கும் ஆர்ப்பரித்தார்கள். கொழுந்து பறித்துவிட்டு நேராக வந்த சிலர் தலையிலிருந்த கொழுந்துச் சாக்கை அவிழ்க்காமலே நின்றார்கள். பெனால்டி உதைகளில் ரயில் அம்மாவின் மகன் அணி தோற்றது. அவன் சட்டையைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டான். அம்மா போய் ஒரு வார்த்தையும் சொல்லாமல் அவன் தலையைத் துவட்டினார்.

அன்று இரவு பஸ் நிலையத்துக்கு எதிரே கொத்து ரொட்டி சாப்பிட்டோம். தகட்டின் மேல் இரண்டு கத்திகளும் மாறி மாறி விழும் சத்தம் தெரு முழுக்கக் கேட்டது. தோற்ற அணியும் ஜெயித்த அணியும் ஒரே கடையில், ஒரே மேசையில் உட்கார்ந்திருந்தார்கள்.

டிக்கோயா

ஹட்டனிலிருந்து டிக்கோயாப் பள்ளத்தாக்கில் இறங்கினால் தரவளை. திக்குத் தெரியாத சரிவுகளுக்கு நடுவே சட்டென்று ஒரு பச்சைச் சமவெளி. டிக்கோயா, மஸ்கெலியா துரைமார்களின் கிரிக்கெட் கழகமும் றக்பி ஆட்டமும் இங்கேதான் வளர்ந்தன. மூடுபனி மைதானத்தின் ஒரு பாதியை மறைத்திருந்தது. அவ்வளவு தூரம் நேராகப் பார்க்கக் கிடைத்ததே கண்ணுக்கு ஓய்வாக இருந்தது.

பக்கத்துத் தோட்டத்தில் ஓய்வுபெற்ற தொழிலாளி ஒருவரைப் பார்க்க அழைத்துப்போனார்கள். எண்பதைத் தாண்டியவர். வீட்டுக்காரம்மா இஞ்சி தட்டிப்போட்ட வெறுந்தேத்தண்ணி கொடுத்தார். உள்ளங்கையில் சர்க்கரையை வைத்துக்கொண்டு நக்கி நக்கிக் குடிக்க வேண்டும். பால் ஊற்றிக் கொதிக்க வைக்கும் எங்கள் நீலகிரித் தேநீருக்கும் வர்க்கிக்கும் பழகிய நாக்குக்கு அதன் துவர்ப்பு புதிதாக இருந்தது. இரண்டாவது கோப்பையைக் கேட்டு வாங்கினேன்.

சின்ன வயதில் அவர் ஒரு கழக மைதானத்தில் உருளை இழுத்தவர். "ஆறு பேரு இழுப்போம். மழை விட்டதும் இழுக்கணும், இல்லாட்டி தரை எழும்பிரும். புல்லு வெட்டுறதும் நாங்கதான். துரைமார் றக்பி ஆடுற அன்னைக்குச் சேத்துல பல்லைக் கடிச்சிக்கிட்டு விழுவாங்க, எங்களுக்குச் சிரிப்பும் வரும், பயமும் வரும். பந்து வெளியில வந்தா எடுத்துக் குடுக்கலாம். கோட்டுக்கு உள்ள கால் வைக்கக் கூடாது."

"நீங்க ஆடியதே இல்லையா ஐயா?"

"மேட்ச் முடிஞ்சி அவங்க கிளப்புக்குள்ள போனப்புறம் இருட்டுல ஓடிப் பார்ப்போம்."

அவர் உருளை இழுத்த அந்த ஆண்டுகளின் வரலாற்றை நினைத்துப் பார்க்க வேண்டும். 1948-இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் வந்தது. மலையகத் தமிழர்களில் பெரும்பாலோர் நாடற்றவர்கள் ஆனார்கள். அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போயிற்று. அதற்கடுத்த ஆண்டு, 1950-இல்தான் கிளிஃபர்ட் கிண்ணம் கழகங்களின் போட்டியானது. மைதானத்தின் நடுவில் ஆடியவர்களுக்குக் கழகம் இருந்தது, கிண்ணம் இருந்தது, போய்ச் சேர ஒரு நாடும் இருந்தது. விளிம்பில் உருளையோடு நின்றவருக்கு அந்த மூன்றில் ஒன்றும் இல்லை.

1972-இன் நிலச் சீர்திருத்தச் சட்டமும் 1975-இன் திருத்தமும் தோட்டங்களை அரசுக்குக் கொண்டுவந்தன. பிரிட்டிஷ் துரைமார்கள் ஊருக்குப் போனார்கள். அவர்களோடு மலையகக் கழகங்களின் றக்பியும் மெலிந்தது. றக்பியின் களம் கண்டியும் கொழும்புமாகச் சுருங்கியது. தரவளையில் அந்தத் தரை மட்டும் அப்படியே இருக்கிறது, எத்தனையோ கைகள் இழுத்த உருளையின் கீழ் இறுகி.

நோர்வூட்

நோர்வூட்டில் ஒரு லயத்தில் தங்கினேன். இரவுச் சாப்பாடு கோதுமை மாவு ரொட்டி, கட்டச்சம்பல், பருப்பு. அடுப்புக்கு மேலே கம்பியில் விறகு காய்ந்துகொண்டிருந்தது. அதன் ஓரத்தில் ஒரு ஜோடி ஃபுட்பால் பூட்ஸ் தலைகீழாகத் தொங்கியது. உள்ளே செய்தித்தாள் சுருட்டித் திணித்திருந்தார்கள், ஈரத்தை இழுக்க. நாடாவைத் தனியே கழற்றித் துவைத்து, அடுப்புக்கல்லின் மேல் நேராக நீட்டி வைத்திருந்தான் அந்த வீட்டுப் பையன். தோல் புகையேறிக் கறுத்துவிட்டிருந்தது. அவன் அதைத் தொட்டுப் பார்த்து, கம்பியில் ஒரு விரற்கடை தள்ளி மாட்டினான்.

அவனுடைய சித்தப்பா மகன் சிட்னியில் இருக்கிறான். அவன் அனுப்பிய காணொளி ஒன்றைப் பையன் காட்டினான். 2014-இன் ஆஸ்திரேலிய றக்பி லீக் இறுதிப்போட்டி. சாம் பர்ஜெஸ் என்ற வீரர் முதல் மோதலிலேயே கன்ன எலும்பு முறிந்து, அதோடு எண்பது நிமிடமும் ஆடி, ஆட்டநாயகனுக்கான பதக்கமும் வாங்கிய ஆட்டம். அவருடைய தென் சிட்னி அணி 30–6 என வென்றது. 43 ஆண்டுகளுக்குப் பிறகு கிடைத்த கிண்ணம். "இந்த டீமைப் போட்டியிலிருந்தே தூக்கிட்டாங்களாம் அண்ணே. ஜனங்க ஊர்வலம் போய்த் திரும்ப வாங்கினாங்களாம்" என்றான். அவன் சொன்னது சரி. 1999-க்குப் பிறகு அந்த அணியை நீக்கினார்கள். 2000 நவம்பரில் ஏறத்தாழ 80,000 பேர் சிட்னித் தெருக்களில் நடந்தார்கள். 2002-இல் அணி திரும்பிவந்தது.

அந்த ஆட்டத்தின் வேரைத் தேடிப் போனால் அது தொழிலாளர்களின் கூலிக் கணக்கில் முடிகிறது. 1895-இல் வட இங்கிலாந்தின் கழகங்கள் றக்பி சங்கத்திலிருந்து பிரிந்தன. சுரங்கத்திலும் ஆலையிலும் வேலை பார்த்தவர்கள் ஆட வந்தால் அன்றைய கூலி போய்விடும். அந்தக் கூலியை ஈடுகட்ட வேண்டும் என்று கேட்டதற்குச் சங்கம் மறுத்ததே பிரிவின் காரணம். 1907-இல் சிட்னியிலும் அதே குரல் எழுந்தது. அந்த ஆண்டில்தான் பணம் பெற்று ஆடும் நியூசிலாந்து அணியொன்று இங்கிலாந்துக்குக் கப்பலேறியது. சிட்னியின் டாலி மெசெஞ்சரும் அதில் இருந்தார். போகும் வழியில் கொழும்பில் இறங்கி, இலங்கை அணியோடு ஆடி 33–6 என வென்றுவிட்டுப் போனார்கள். 1908-இல் சிட்னியில் லீக் போட்டி தொடங்கியது. முதல் இறுதியில் தென் சிட்னி அணி கிழக்குப் புறநகர் அணியை 14–12 என வென்றது. அதே 1908-இல்தான் இலங்கையின் றக்பி சங்கமும் அமைந்தது.

சிட்னியில் லீக் துறைமுகத் தொழிலாளியின் ஆட்டமாக வளர்ந்தது. 1954 முதல் ஒவ்வோர் ஆண்டும் இறுதிப்போட்டி கட்டாயமானது. செயின்ட் ஜார்ஜ் அணி 1956 முதல் 1966 வரை தொடர்ந்து பதினோரு முறை வென்றது. 1963-இன் சேற்று இறுதியில் நெடிய நார்ம் ப்ரோவனும் குள்ளமான ஆர்தர் சம்மன்ஸும் தலைமுதல் கால்வரை சேறு பூசி ஒருவரையொருவர் அணைத்து நின்ற புகைப்படம் இன்று அந்தக் கிண்ணத்திலேயே வெண்கலச் சிலையாக இருக்கிறது. 1999-இன் இறுதிக்கு ஹோம்புஷ் அரங்கத்தில் கூடியவர்கள் 1,07,999 பேர். அந்த ஹோம்புஷ் பக்கத்தில்தான் இன்று ஈழத்தமிழர் கடைகளும் இருக்கின்றன.

பையனிடம் இதையெல்லாம் சொன்னபோது அவனுடைய அப்பா குறுக்கிட்டார். "ஆடினதுக்குக் கூலி கேட்டாங்களா?" அவர் கேட்ட விதத்தில் வியப்பு இருந்தது. கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர் போடும் ஊரில், ஓர் அரைநாளின் விலை அவருக்குத் தெரியும்.

மறுநாள் நோர்வூட் மைதானத்தைப் பார்த்தேன். 2017 மே மாதம் இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி இங்கே மலையக மக்களிடையே பேசி, மேலும் 10,000 வீடுகளை அறிவித்த திடல் அது. அன்று மலை முழுக்கத் திரண்ட கூட்டத்தை இன்னும் பேசுகிறார்கள். தோட்டத்து வீட்டுத் திட்டங்களில் ஒரு குடும்பத்துக்கு 7 பேர்ச்சஸ் காணி என்பதுதான் பல காலம் பேசப்பட்ட அளவு. றக்பி மைதானத்தின் ஆடுகளம் 100 மீட்டருக்கு 70 மீட்டர். கணக்குப் போட்டால் அப்படிப்பட்ட நாற்பது வீட்டுக் காணிகள் சேர்ந்தால்தான் ஒரு மைதானம். ஒரு தோட்டம் தன் பிள்ளைகளுக்கு மைதானம் கேட்பது எவ்வளவு பெரிய கேள்வி என்று அந்தக் கணக்கு எனக்குச் சொல்லியது.

ரதல்ல

தலவாக்கலைக்கு முன்னால் டெவன் அருவியும் செயின்ட் கிளேர் அருவியும் இறங்குகின்றன. மேல் கொத்மலை நீர்மின் திட்டத்துக்குப் பிறகு செயின்ட் கிளேரின் பழைய பெருக்கு இல்லை என்று ஊர்க்காரர்கள் ஏக்கத்தோடு சொன்னார்கள். லிந்துலையைக் கடந்து நானுஓயாப் பக்கம் ஏறினால் ரதல்ல. டிம்புள்ளக் கழகத்தின் மைதானம் இங்கே இருக்கிறது. கண்டிப் பெரியவர் முதலில் சொன்ன அணியின் வீடு.

மைதானத்தின் மேல் சரிவில் பெண்கள் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு இலையும் குருத்துமாக நகத்தால் ஒடித்து, கை நிறைந்ததும் தோளுக்கு மேலாகப் பின்னால் வீசுகிறார்கள். பார்க்காமலே சாக்குக்குள் விழுகிறது. அவர்களில் மூத்த அக்கா ஒருவர் நெற்றியில் பதிந்திருந்த கயிற்றைத் தளர்த்திக்கொண்டு பேசினார்.

"எங்கம்மா சொல்லுவாங்க, இந்த மலைக்கு வேலை விழுந்தா அன்னைக்கு மேட்ச் பார்க்கலாம்னு. கங்காணி ஏசுவாரு. ஆனாலும் ஒரு கண்ணு கீழதான்."

"இப்ப?"

"இப்ப எம் மவ பள்ளிக்கூடத்துல கபடி ஆடுறா. மாகாண மட்டத்துக்குப் போனா. நான் அரை நாள் லீவு போட்டுட்டுப் போய்ப் பார்த்தேன்." சொல்லும்போதே கை நின்றிருந்தது. பக்கத்திலிருந்த பெண் அவர் சாக்கில் தன் கைக்கொழுந்தில் ஒரு பிடி போட்டார், நிறை குறையக் கூடாது என்று. கேட்காமலே செய்தார். அவரும் நன்றி சொல்லவில்லை; வழக்கமான காரியம் போலத் தொடர்ந்து எடுத்தார்.

அந்த அரை நாளைத்தான் 1895-இல் இங்கிலாந்துச் சுரங்கத் தொழிலாளிகள் கேட்டார்கள். ஒரு பிள்ளையின் ஆட்டத்தைப் பார்க்க ஒரு தாய் தன் கூலியை விடுகிறாள்; அவள் விட்டதைத் தோழி ஒரு பிடி கொழுந்தால் நிரப்புகிறாள். சங்கமும் சட்டமும் வந்து சேராத இடத்தில் மக்கள் தங்களுக்குள்ளேயே அந்த ஈட்டைக் கொடுத்துக்கொள்கிறார்கள்.

கபடிக்கு அதிக இடம் வேண்டாம். கரப்பந்துக்கும் வேண்டாம். பிரட்டுக்களமும் கோயில் முன்றிலும் போதும். மலையகத்துப் பிள்ளைகள் எதில் சிறக்கிறார்கள் என்று பார்த்தால், அது அவர்களுக்குக் கிடைத்த தரையின் அளவைத்தான் காட்டுகிறது. அவர்களின் கால் வேகத்துக்கும் மூச்சுக்கும் றக்பி எவ்வளவு பொருந்தும் என்பதை மலையில் ஒரு நாள் அவர்களோடு ஏறி இறங்கியவர்கள் அறிவார்கள்.

நுவரெலியா

நுவரெலியாவுக்குள் நுழைந்ததும் ஊட்டிக்கு வந்துவிட்டது போலவே இருந்தது. அதே குளிர், அதே யூகலிப்டஸ் வாசனை, கேரட்டும் லீக்ஸும் குவித்த கடைகள். 1873-இல் ஆளுநர் கிரகரி உருவாக்கிய ஏரி. 1876-இன் ஹில் கிளப். 1889-இல் தொடங்கிய கோல்ஃப் மைதானம் ஊரின் நடுவே பரந்து கிடக்கிறது. ஏப்ரலில் குதிரைகள் ஓடும் திடல் இன்னொரு பக்கம். மலையகத்தின் இந்த உயரத்தில் இவ்வளவு சமதரை இருக்கிறது என்பதே இத்தனை சரிவுகளைக் கடந்து வந்தவருக்கு ஆச்சரியமாக இருக்கும்.

குதிரைப் பந்தயத் திடலின் ஓரத்தில் பையன்கள் மென்பந்து கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். தமிழும் சிங்களமும் கலந்து கத்தினார்கள். பந்து வேலிக்குள் போனால் இரு மொழிப் பையன்களும் சேர்ந்தே ஏறிக் குதித்தார்கள். ஹட்டனிலிருந்து வந்திருந்த உடற்கல்வி ஆசிரியரை அங்கே மறுபடி சந்தித்தேன். அடுத்த பருவத்துக்குள் சில தோட்டப் பள்ளிகளைச் சேர்த்து எழுவர் றக்பி சொல்லிக்கொடுக்கப் போகிறாராம். கண்டியில் பழைய பந்துகள் கேட்டிருக்கிறார். "இடம்?" என்று கேட்டேன். ஒரு தோட்டத்து நிர்வாகத்தோடு பேசிக்கொண்டிருப்பதாகச் சொன்னார். பயன்படாமல் கிடக்கும் ஒரு பழைய மைதானம். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை மாலை.

அவர் கேட்பது பெரிதல்ல. 2023-இல் மலையகத் தமிழர் வருகையின் இருநூறாவது ஆண்டை ஒட்டித் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் மீண்டும் நடந்தார்கள். முன்னோர் நடந்த வழி. காணி, வீடு, கூலி என்று அந்த நடையில் எழுந்த கோரிக்கைகள் எல்லாம் நியாயமானவை. அவற்றோடு ஒரு மைதானமும் சேர வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். விளையாட்டை வசதி வந்த பிறகு பார்த்துக்கொள்ளும் காரியமாக நினைப்பவர்கள் சிட்னியின் வரலாற்றைப் பார்க்க வேண்டும். அங்கே கூலிக்காரன் தன் ஆட்டத்தைக் கேட்டு வாங்கினான். அந்த ஆட்டம் அவனுக்குப் பேட்டையைக் கொடுத்தது, கொடியைக் கொடுத்தது, 80,000 பேராகத் தெருவில் நடக்கும் பலத்தைக் கொடுத்தது. ஆண்டுக்கு ஒரு முறை ஒரு பைனல் மேட்சுக்காக ஒரு ஊர் ஒன்றாகக் கூடும்போது, அது தன் எண்ணிக்கையைத் தானே பார்த்துக்கொள்கிறது. டன்பார் மேட்டில் குடைகளோடு நின்ற தாய்மார்களிடம் அந்தப் பலத்தை நான் பார்த்தேன்.

வீட்டுக் காணிக்கு மனு எழுதும் ஒவ்வொரு தோட்டமும் அதே மனுவில் ஒரு மைதானத்தையும், வாரத்தில் கூலி பிடிக்காத ஒரு மாலையையும் கேட்கட்டும். துரைமார் ஆடிய தரைகளைச் சமன் செய்தவர்கள் இவர்கள். அந்தத் தரைகளில் ஆடும் உரிமை இவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு முதலில் வர வேண்டும்.